ஸ்டூடன்ட் யார், பியூபில் யார்?

வாசகர் கேள்வி-பதில்: ஆங்கிலச் சொல் பகுதி

பள்ளி, கல்லூரி திறக்கும் மாதம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் படிப்பவர்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைப் பற்றித்தான். கேட்டவர்களும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள், அதாவது பழைய வட ஆற்காட்டுக்காரர்கள். ஒன்றுக்கொன்று தொடர்புள்ள கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம்.

தலைமை ஆசிரியை, ஒடுகத்தூர்

கேள்வி: எங்கள் தொடக்கப் பள்ளியின் பழைய பதிவேடுகளில் ‘பியூபில்’ என்று இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ‘ஸ்டூடன்ட்’ என்கிறார்கள். ஆண்டு விழா அறிக்கையை ஆங்கிலத்திலும் கொடுக்க வேண்டும். எதை எழுதுவது? இரண்டும் ஒன்றுதானா?

பதில்: இரண்டுமே சரியான சொற்கள். ஒன்று இருக்கும் இடத்தில் மற்றதை எப்போதும் வைக்க முடியாது, அவ்வளவுதான்.

பிரிட்டிஷ் வழக்கில் சின்ன வகுப்புப் பிள்ளை பியூபில், கல்லூரியில் படிப்பவர் ஸ்டூடன்ட். நடுவில் இருக்கும் உயர்நிலை, மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளையும் முன்பு பியூபில் என்றே சொன்னார்கள். இப்போது அங்கேயும் ஸ்டூடன்ட் பரவிவிட்டது. அமெரிக்கர்களுக்கு இந்தக் கணக்கே இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் அவர்களுக்கு ஸ்டூடன்ட்தான். நம் ஊர்ப் பதிவேடு பிரிட்டிஷ் வழக்கில் பிறந்தது, கணினித் திரை அமெரிக்க வழக்கில் வளர்ந்தது. உங்கள் மேசையில் இரண்டும் சந்தித்துக்கொண்டிருக்கின்றன.

பியூபில் செத்துப்போன சொல் இல்லை. காலைப் பிரேயரில் முன்னால் நின்று ‘அட்டென்ஷன்’ சொல்லும் எஸ்.பி.எல். யார்? ஸ்கூல் பியூபில் லீடர். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 25-ம் பிரிவின் தலைப்பே ‘பியூபில் டீச்சர் ரேஷியோ’. 1 முதல் 5 வரை 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், 6 முதல் 8 வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று நாம் சொல்லும் விகிதம் அதுதான். உங்கள் அறிக்கையில் இந்த விகிதம் வரும் வரியில் பியூபில் என்றே எழுதுங்கள், அது இறுகிப்போன தொடர். மற்ற இடங்களில் ஸ்டூடன்ட்ஸ் போதும். ஒரு பத்தியில் பியூபில், அடுத்த பத்தியில் ஸ்டூடன்ட் என்று மாற்றி மாற்றி எழுதுவதை மட்டும் தவிருங்கள். படிக்கும் அதிகாரி இரண்டு தனிக் கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்.

வேரைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளியும். ஸ்டூடன்ட், ‘ஸ்டுடேரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஒன்றில் ஆர்வத்தோடு முனைவது என்று பொருள். அந்த வினையில் பள்ளிக்கூடமும் இல்லை, வாத்தியாரும் இல்லை. அதனால்தான் வேலூர்க் கோட்டைக் கல்வெட்டுகளைத் தானே தேடிப் படித்துக் குறிப்பெடுக்கும் எழுபது வயதுக்காரரையும் ‘ய ஸ்டூடன்ட் ஆஃப் ஹிஸ்டரி’ என்று சொல்ல முடிகிறது. அவரை பியூபில் என்று சொல்ல முடியாது. பியூபில் என்றதும் ‘யாருடைய பியூபில்?’ என்ற கேள்வி கூடவே வந்துவிடும். நாதஸ்வரம், பரதநாட்டியம், ஓவியம் கற்றவர்கள் குருவின் பெயரோடு சேர்த்து ‘ய பியூபில் ஆஃப்’ என்று அழைப்பிதழில் போடுவது அதனால்தான். இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆகப்போகிறவர் மூத்த வழக்கறிஞரிடம் தொழில் பழகும் காலத்துக்கு ‘பியூபிலேஜ்’ என்று பெயர். நம் சத்துவாச்சாரி கோர்ட்டில் அவரை ஜூனியர் என்போம்.

பியூபில் என்றால் கண்ணின் கருமணி என்றும் பொருள் உண்டே, அதற்கும் இதற்கும் என்ன உறவு என்று சிலர் கேட்பார்கள். உறவு உண்டு. லத்தீனில் ‘பூப்பா’ என்றால் சிறுமி, பொம்மை. அதிலிருந்து வந்த ‘பூப்பில்லா’ சின்னப் பொம்மை. எதிரில் இருப்பவரின் கண்ணை உற்றுப் பாருங்கள், நடுவே உங்கள் உருவம் பொம்மை அளவில் தெரியும். அதைப் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். தமிழில் ‘கண்பாவை’ என்கிறோமே, பாவை என்றாலும் பொம்மைதான்! ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு மொழிகள் ஒரே காட்சியைப் பார்த்து ஒரே பெயரை வைத்திருக்கின்றன. கூட்டுப்புழுவைச் சொல்லும் ‘பியூபா’வும் இந்தக் குடும்பம்தான்.

ஒரு பெற்றோர், சத்துவாச்சாரி

கேள்வி: பள்ளியிலிருந்து வரும் குறிப்பில் எப்போதும் ‘யுவர் வார்டு’ என்று போடுகிறார்கள். என் மகனுக்கும் வார்டுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: மாநகராட்சியில் 60 வார்டு, ஆஸ்பத்திரியில் நோய்க்கொரு வார்டு என்று இருக்கும் ஊரில் இந்தக் கேள்வி நியாயமானது. மூன்றும் ஒரே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் அதற்குக் காவல் என்று பொருள். காவலுக்கு உட்பட்ட ஊர்ப் பகுதி, காவலுக்கு உட்பட்ட நோயாளிக் கூடம், காவலுக்கு உட்பட்ட பிள்ளை. சட்ட ஆங்கிலத்தில் வார்டு என்பது பெற்றோர் அல்லாத காப்பாளரின் பொறுப்பில் உள்ள சிறுவரைக் குறிக்கும். பெற்ற தாய் தகப்பனுக்கே ‘யுவர் வார்டு’ என்று எழுதுவது இந்தியப் பள்ளிகளின் வழக்கம். மகனா மகளா என்று பார்க்காமல் ஒரே குறிப்பை அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்ற வசதி அதில் உண்டு. நீங்கள் பதில் எழுதும்போது ‘மை சன்’, ‘மை டாட்டர்’ என்றே எழுதுங்கள். பெற்ற பிள்ளையை வார்டு என்று எழுத வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

பியூபில் என்ற சொல்லுக்கும் லத்தீனில் முதல் பொருள் இதுதான்: காப்பாளர் பொறுப்பில் வளரும், தகப்பனை இழந்த பிள்ளை. படிப்பு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

அச்சக உரிமையாளர், குடியாத்தம்

கேள்வி: ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் முன்னாள் மாணவியர் சந்திப்புக்கு அழைப்பிதழும் பேனரும் அடிக்க ஆர்டர் வந்திருக்கிறது. கொடுத்த தாளில் ‘அலுமினிஸ் மீட்’ என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியே அடிக்கலாமா?

பதில்: அடிக்காதீர்கள். அலுமினியப் பாத்திரக் கடைத் திறப்பு விழா என்று நினைத்துவிடப்போகிறார்கள். இந்தச் சொல்லில் ‘எல்’லுக்குப் பிறகு ‘யு’, ‘எம்’, ‘என்’. எம்முக்கும் என்னுக்கும் நடுவே ‘ஐ’ கிடையாது. அந்த ஐ இறுதியில் மட்டும்தான் வரும். வந்தாலே அது பன்மை, ஆகவே மேலே ஓர் ‘எஸ்’ போடவும் இடமில்லை.

இது லத்தீன் இலக்கணத்தை மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஆங்கிலத்துக்கு வந்த சொல். ஆண் ஒருவர் அலம்னஸ், கடைசி இரண்டு எழுத்து யு, எஸ். ஆண்கள் பலர், அல்லது ஆணும் பெண்ணும் கலந்த கூட்டம் அலம்னை, கடைசி எழுத்து ஐ. பெண் ஒருவர் அலம்னா, கடைசி எழுத்து ஏ. பெண்கள் மட்டும் பலர் என்றால் ஏ, இ இரண்டும் வரும், உச்சரிப்பு அலம்னீ. முதல் எழுத்தை ‘ஆ’ என்று நீட்ட வேண்டாம், அழுத்தம் ‘லம்’மில் விழ வேண்டும்.

நம் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1918-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளி பெண்களுக்கானது. ஆண்களைச் சேர்த்தது 1947-ல்தான். ஆகவே அதன் முதல் அணிகள் ஏ, இ போட்டு எழுதும் அலம்னீ. ஆண்கள் படித்து வெளிவந்த பிறகு மொத்தக் கூட்டத்துக்கும் ஐ போட்ட அலம்னை. ஒருமைக்கு இன்னோர் எடுத்துக்காட்டு: டாக்டர் ராதாகிருஷ்ணன் சென்னைக்குப் போகும் முன் வேலூர் ஊரீசு கல்லூரியில் படித்தவர். அவரை ‘ஆன் அலம்னஸ் ஆஃப் ஊரீஸ் காலேஜ்’ என்பதே சரி. ‘ஆன் அலம்னை’ என்று எழுதினால் ‘அவர் ஒரு முன்னாள் மாணவர்கள்’ என்று எழுதியது போல. வேலைக்கு அனுப்பும் பயோடேட்டாக்களில் இந்தத் தவறுதான் அதிகம். இதற்கு அக்காள் தங்கையாக இன்னொரு தவறும் உண்டு: ‘ஐ ஆம் ய ஸ்டாஃப்’. ஸ்டாஃப் என்பது மொத்த ஊழியர் கூட்டம், தனி ஆள் ‘ய மெம்பர் ஆஃப் தி ஸ்டாஃப்’.

உங்கள் ஆர்டருக்கு வருவோம். அது பெண்கள் பள்ளி, ஆகவே இலக்கணப்படி ஏ, இ போட்ட வடிவம். ஆனால் பேனரைப் பார்ப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அதை அச்சுப்பிழை என்று நினைத்து உங்களுக்கே போன் செய்வார்கள். பேசாமல் ‘ஓல்டு ஸ்டூடன்ட்ஸ் அசோசியேஷன்’ என்று போடச் சொல்லுங்கள். பழைய, மரியாதையான சொல், பெண் கல்லூரிகளுக்கும் பொருந்தும். கமாவை மேலே தூக்கி வைத்தது போன்ற அந்தக் குறி ஸ்டூடன்ட்ஸ் என்பதன் எஸ்ஸுக்குப் பிறகு வர வேண்டும். எஸ்ஸுக்கு முன்னால் வந்தால் ஒரே ஒரு மாணவி வைத்திருக்கும் சங்கம் என்று ஆகிவிடும். இடம் போதவில்லையென்றால் குறியை விட்டுவிடுங்கள். பெயர்ப்பலகையில் குறி இல்லாததை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை, தப்பான இடத்தில் இருந்தால் கண்ணில் குத்தும். அலம்னை அசோசியேஷன் என்று போட்டால் அந்தத் தொல்லையே இல்லை, அங்கே குறி வேண்டியதில்லை.

அழைப்பிதழில் ‘1998 பேட்ச்’ என்று போட்டிருப்பார்கள். இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும், இருக்கட்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் அனுப்புவதானால் ‘கிளாஸ் ஆஃப் 1998’ என்பது அவர்களுக்குப் பழகிய தொடர். பேட்ச் என்ற சொல் ரொட்டி சுடும் அடுப்பிலிருந்து வந்தது, ஒரு தடவையில் வெந்து இறங்கும் அளவு. நம் வீட்டில் இட்லிக்கு ‘ஒரு ஈடு’ என்கிறோமே, அதேதான்.

கல்லூரி மாணவர், அரக்கோணம்

கேள்வி: ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2021’ என்று நேர்முகத் தேர்வில் சொன்னால் சிரிக்கிறார்கள் என்கிறார்கள். ஏன்?

பதில்: சென்னையில் இருக்கும் அதிகாரி சிரிக்க மாட்டார், அவரும் அப்படித்தான் சொல்வார். லண்டன்காரர் சிரிக்கலாம். அவர் காதில் ‘2021-ல் மயங்கி விழுந்தேன்’ என்று விழும். ‘ஐ கிராஜுவேட்டட் இன் 2021’ என்று சொல்லுங்கள். டிப்ளமோ, ஐ.டி.ஐ. என்றால் ‘ஐ கம்ப்ளீட்டட்’ என்று தொடங்கிப் படிப்பின் பெயரைச் சொல்லுங்கள். ‘பாஸ்டு அவுட்’ பிரிட்டிஷ் வழக்கிலும் சரியாக இருக்கும் இடம் ஒன்று உண்டு, அது படைப்பயிற்சி. உங்கள் ஊர்க் கடற்படைத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளியிலும், தக்கோலத்தில் உள்ள சி.ஐ.எஸ்.எஃப். பயிற்சி மையத்திலும் பயிற்சி முடித்தவர்கள் அணிவகுத்துப் போவது ‘பாஸிங் அவுட் பரேடு’. அங்கிருந்துதான் இந்தத் தொடர் கல்லூரிக்குள் நுழைந்திருக்க வேண்டும்.

இல்லத்தரசி, காட்பாடி

கேள்வி: மகளின் கல்லூரி விண்ணப்பத்தில் ‘டே ஸ்காலர் / ஹாஸ்டலர்’ என்று கேட்டிருக்கிறார்கள். அவள் வீட்டிலிருந்து போகிறாள். ஸ்காலர் என்றால் அறிஞர் அல்லவா? ஸ்காலர்ஷிப் வாங்குபவரைக் கேட்கிறார்களோ என்று குழப்பமாக இருக்கிறது.

பதில்: டே ஸ்காலர் என்பதை டிக் செய்யுங்கள். ஸ்காலர்ஷிப்புக்கும் இந்தக் கட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை.

ஸ்காலர் என்றால் ஆங்கிலத்தில் முதலில் பள்ளிக்குப் போகிறவர் என்று மட்டுமே பொருள். அறிஞர் என்ற பெருமை பிறகு ஏறியது. ‘டே ஸ்காலர்’ அந்தப் பழைய பொருளில் நின்றுவிட்டது. வேரான ‘ஸ்கோலே’ கிரேக்கத்தில் ஓய்வைக் குறிக்கும். வயிற்றுப்பாட்டுக்கு ஓடாதவனுக்குத்தான் படிக்க நேரம் கிடைத்தது. காலை ஏழு மணிக்கு பாகாயம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும் டே ஸ்காலரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

இந்தச் சொற்களைக் கடல் தாண்டிக் கொண்டுபோகும்போது மட்டும் கவனம் தேவை. இங்கிலாந்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் பள்ளிப் பிள்ளை போர்டர், வீட்டிலிருந்து வருபவர் டே பியூபில். அங்கே ஹாஸ்டலர் என்றால் மலிவு விடுதிகளில் தங்கி ஊர் சுற்றுபவர். அதேபோல நம் பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி. செய்பவர் ‘ரிசர்ச் ஸ்காலர்’. வெளிநாட்டுப் பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது ‘பிஎச்.டி. ஸ்டூடன்ட்’ என்று போடுங்கள். ஸ்காலர் என்று போட்டால் பட்டம் முடித்து ஆய்வு செய்பவர் என்றோ உதவித்தொகை பெற்று வந்தவர் என்றோ அவர் எடுத்துக்கொள்ளக்கூடும்.

ஐ.டி.ஐ. முடித்தவர், ராணிப்பேட்டை

கேள்வி: சிப்காட்டில் ஒரு கம்பெனி ‘டிரெய்னீ’ என்று கடிதம் கொடுக்கிறது. இன்னொன்று ‘அப்ரன்டிஸ்’ என்கிறது. சம்பளம் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டும் ஒரே பொருள்தானே?

பதில்: அகராதியில் அடுத்த வீடு. காகிதத்தில் வேறு வேறு ஊர். இந்த இதழின் கேள்விகளில் உங்களுடையதுதான் பணத்தோடு சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

அப்ரன்டிஸ் என்பது பிரெஞ்சின் ‘அப்ராந்த்ர்’, கற்றுக்கொள் என்ற வினையிலிருந்து வந்தது. இந்தியாவில் இது வெறும் சொல் இல்லை, 1961-ம் ஆண்டின் அப்ரன்டிசஸ் சட்டம் வரையறுத்த நிலை. அரசு அறிவிப்புகளில் ‘தொழில் பழகுநர்’ என்று வரும். ரயில்வேயில் ‘ஆக்ட் அப்ரன்டிஸ்’ என்று சொல்வார்களே, அந்த ‘ஆக்ட்’ இந்தச் சட்டம்தான், நடிப்பு அல்ல. இதில் உங்களுக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும், அது அரசின் அப்ரன்டிஸ் தளத்தில் பதிவாக வேண்டும். ஐ.டி.ஐ. தொழிற்பிரிவுகளில் காலம் முடிந்து தேர்வில் தேறினால் தேசிய அப்ரன்டிஸ் சான்றிதழ் கிடைக்கும். இன்னொரு பக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அப்ரன்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர் என்று அந்தச் சட்டத்தின் 18-ம் பிரிவு சொல்லிவிடுகிறது. கையில் வருவதும் சம்பளம் அல்ல, ‘ஸ்டைபண்டு’. முடித்தவுடன் அதே இடத்தில் வேலை கிடைத்தே தீரும் என்பதும் இல்லை.

டிரெய்னீ என்ற சொல்லுக்கு இப்படி ஒரு சட்டமும் காவல் இல்லை. ஆறு மாதம் பழகிவிட்டு நிரந்தரமாகப் போகிறவரும் டிரெய்னீ, மூன்று வருடமாக ஷிப்டு பார்த்துக்கொண்டிருப்பவரும் டிரெய்னீ. கடிதத்தில் அந்தச் சொல் இருந்தால் மூன்றைத் தேடுங்கள்: பயிற்சிக் காலம் எத்தனை மாதம், முடிந்த பிறகு எந்தப் பதவி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா. அப்ரன்டிஸ் என்று இருந்தால் ஒப்பந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். வாயால் அப்ரன்டிஸ் என்று சொல்லிவிட்டுப் பதிவு எண் தராத இடத்தில், ஒரு வருடம் கழித்து உங்கள் கையில் அந்தத் தேசியச் சான்றிதழ் இருக்காது.

தமிழில் எழுதும்போது இன்னொரு பள்ளம். டிரெய்னீ என்பதைப் ‘பயிற்சியாளர்’ என்று எழுதுகிறார்கள். கபடி அணியின் பயிற்சியாளர் யார்? சொல்லிக்கொடுப்பவர். அவர் டிரெய்னர். சொல்லிக்கொடுப்பவர் பயிற்றுநர், கற்றுக்கொள்பவர் பயிலுநர் என்று பிரித்து எழுதினால் குழப்பம் தீரும். ஒரு தொழிற்சாலை நோட்டீஸில் ‘பயிற்சியாளர்கள் எந்திரத்தைத் தனியாக இயக்கக் கூடாது’ என்று இருந்தால், யார் கையை எடுக்க வேண்டும்? ஆங்கிலத்தில் ‘ஈ’ என்று முடிந்தால் பெறுபவர், ‘அர்’ என்று முடிந்தால் கொடுப்பவர்: எம்ப்ளாயீ, எம்ப்ளாயர், டிரெய்னீ, டிரெய்னர். விதிவிலக்குகள் உண்டு. கூட்டத்துக்கு வருபவர் ‘அட்டெண்டீ’, அவர் எதையும் பெறுவதில்லை.

நோயாளியின் உறவினர், திருவண்ணாமலை

கேள்வி: வேலூரில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஹவுஸ் சர்ஜன் பார்த்துவிட்டார் என்றார்கள். ஆபரேஷன் செய்யும் டாக்டரா அவர்? இன்டர்ன் என்பது வேறா?

பதில்: ஒரே ஆள்தான். எம்.பி.பி.எஸ். பாடமும் தேர்வும் நாலரை ஆண்டில் முடித்துவிட்டு, ஓர் ஆண்டு துறை துறையாக மாறி வேலை பார்ப்பவர். தமிழ்நாட்டில் ஹவுஸ் சர்ஜன், சி.ஆர்.ஆர்.ஐ., பயிற்சி மருத்துவர் என்று மூன்று பெயரிலும் சொல்கிறார்கள். சர்ஜன் என்ற சொல் இருப்பதால் கத்தி எடுப்பவர் என்று நினைக்க வேண்டாம், அது பழைய பிரிட்டிஷ் பதவிப் பெயரின் மிச்சம். இன்டர்ன் பிரெஞ்சிலிருந்து வந்தது, ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே தங்குபவர். முதல் அசையை அழுத்தினால் இந்தப் பயிற்சி மருத்துவர். வினையாக்கி இரண்டாம் அசையை அழுத்தினால், போர்க்காலத்தில் ஆளைப் பிடித்து அடைத்துவைப்பது. சில இன்டர்ன்களைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்பார்கள்.

உங்களை அங்கே ‘அட்டெண்டர்’ என்று அழைத்திருப்பார்களே, அது இந்திய ஆங்கிலம். வெளியே எழுதும்போது ‘அட்டெண்டன்ட்’ என்று எழுதுங்கள்.

வாசகர், வாணியம்பாடி

கேள்வி: என் வாயில் ‘இஸ்டூடன்ட்’ என்றுதான் வருகிறது. எப்படித் திருத்துவது?

பதில்: உங்கள் நாக்கு தமிழ் இலக்கணம் படித்தது. தமிழில் சொல்லின் முதலில் தனி மெய் வராது, அதனால் முன்னால் ஓர் இகரத்தை நட்டுவிடுகிறோம். இஸ்கூல், இஸ்டேஷன் எல்லாம் இந்த வகை. ஆனால் இதே நாக்கு ‘பஸ் ஸ்டாண்ட்’ என்று சொல்லும்போது நடுவில் இகரம் வருகிறதா? வருவதில்லை. அதையே பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் ‘பஸ் ஸ்டூடன்ட்’ என்று பத்து முறை சொல்லுங்கள். பிறகு பகரத்தை மனதுக்குள் மட்டும் சொல்லி ‘ஸ்ஸ்ஸ்டூடன்ட்’ என்று சீறலிலிருந்து தொடங்குங்கள். சீறலை முதலில் வேண்டுமென்றே நீட்டலாம். நாலைந்து நாளில் தானாகக் குறுகிவிடும்.

அழுத்தம் முதல் அசைக்கு. கடைசி அசை ‘டென்ட்’ அல்ல, வாயை அதிகம் திறக்காத ‘டன்ட்’. டென்ட் என்றால் கூடாரம். பன்மையில் கடைசி ஸ்ஸை விழுங்கிவிடாதீர்கள், ஒருவரா பலரா என்று சொல்வது அந்த ஒரு ஒலிதான். பிரிட்டிஷ் வழக்கில் ‘ஸ்ட்யூ’, அமெரிக்க வழக்கில் ‘ஸ்டூ’. இரண்டில் எதுவும் தவறில்லை.

டிரைவிங் பழகுபவர், ஆம்பூர்

கேள்வி: எல்.எல்.ஆர். என்பதன் விரிவு என்ன? ‘ஸ்டூடன்ட் லைசன்ஸ்’ என்று ஏன் சொல்வதில்லை?

பதில்: சட்டத்தில் இருப்பது ‘லர்னர்ஸ் லைசன்ஸ்’ மட்டும். அந்த ‘ஆர்’ நம் பேச்சில்தான் இருக்கிறது. லர்னர் என்பவர் ஒரு திறமையைக் கைப்பழக்கமாகக் கற்றுக்கொண்டிருப்பவர், எந்த நிறுவனத்திலும் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. ஸ்டூடன்ட் என்றால் சேர்க்கை, வகுப்பு, பாடம் என்ற வாசனை வந்துவிடுகிறது. நீச்சல், சமையல், தமிழ் பேசப் பழகும் வெளிமாநிலத்தவர் எல்லோரும் லர்னர்.

ஆங்கிலத்தில் ‘லர்னர்ஸ்’ என்று எழுதும்போது, கமா போன்ற அந்த மேற்குறி எஸ்ஸுக்கு முன்னால் வரும், உரிமம் ஒருவருக்குத்தானே. லைசன்ஸ் என்ற பெயர்ச்சொல் நம் நாட்டு எழுத்தில் கடைசியில் ‘சி, இ’ என்று முடியும். ‘எஸ், இ’ போட்டால் பிரிட்டிஷ் வழக்கில் அது வினை. கேட்காததையும் சொல்லிவிடுகிறோம்: உரிமம் 6 மாதம் செல்லும், 30 நாள் ஆன பிறகே நிரந்தர உரிமத் தேர்வுக்குப் போகலாம். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைத் தளத்தில் சிவப்பு ‘எல்’ இருக்க வேண்டும். பலகை 18 செ.மீ. சதுரத்துக்குக் குறையக் கூடாது. எழுத்து 10 செ.மீ. உயரம், 2 செ.மீ. தடிமன், அடியில் 9 செ.மீ. அகலம். கடையில் விற்கும் சின்ன ஸ்டிக்கரை அளந்து பார்த்து வாங்குங்கள். பைக்கில் பின்னால் உரிமம் உள்ள, பழக்கிவிடுபவர் மட்டுமே உட்காரலாம், நண்பன் கூடாது.

பொறியியல் மாணவர், வேலூர்

கேள்வி: மூன்று அரியர் இருக்கிறது. ரெஸ்யூமேயில் ‘ஃபிரெஷர்’ என்று போடலாமா? அரியரை எப்படி எழுதுவது?

பதில்: இந்தியாவில் ஃபிரெஷர் என்றால் வேலை அனுபவம் இல்லாதவர், போடலாம். பிரிட்டனில் அது கல்லூரியில் முதலாண்டு சேர்ந்தவர், அங்கே அனுப்பும் தாளில் ‘ரீசன்ட் கிராஜுவேட்’ என்று மாற்றுங்கள். அரியர் என்றால் ஆங்கிலத்தில் பாக்கி வைத்த வாடகை, சம்பளம் போன்றவை. தேர்வுக்கு அதைச் சொல்வது நம் பல்கலைக்கழக வழக்கம். கேம்பஸ் படிவத்தில் ‘ஸ்டாண்டிங் அரியர்ஸ்’ என்று கேட்டால் இன்னும் எழுதித் தேறாதவை எத்தனை என்று பொருள், உங்களுக்கு 3. ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்’ என்றால் பிறகு எழுதித் தேறியதையும் சேர்க்க வேண்டும். இரண்டாவது கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிட்டு, மதிப்பெண் பட்டியலில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

மாணவி, திருப்பத்தூர்

கேள்வி: ‘ஸ்டூடன்ட் ஆஃப்’, ‘ஸ்டூடன்ட் அட்’, ‘ஸ்டூடன்ட் இன்’ இவற்றில் எது சரி? போனஃபைடு சான்றிதழில் எது வரும்?

பதில்: பாடத்துக்கும் ஆசிரியருக்கும் ‘ஆஃப்’ மட்டும்: ய ஸ்டூடன்ட் ஆஃப் கெமிஸ்ட்ரி. கல்லூரிக்கு ‘அட்’ அல்லது ‘ஆஃப்’. வகுப்புக்கு, துறைக்கு ‘இன்’: ய ஸ்டூடன்ட் இன் தி செகண்ட் இயர். ‘ஐ ஆம் ய ஸ்டடியிங் ஸ்டூடன்ட்’ வேண்டாம், படிக்காத ஸ்டூடன்ட் இருந்தாலும் அதை எழுத்தில் காட்டத் தேவையில்லை.

‘போனா ஃபைடு’ லத்தீன், இரண்டு சொல். நல்ல நம்பிக்கையோடு என்று பொருள், இங்கே போலி அல்லாத, உண்மையான என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சான்றிதழில் ‘ய போனஃபைடு ஸ்டூடன்ட் ஆஃப் திஸ் காலேஜ்’ என்று ‘ஆஃப்’ வரும். விண்ணப்பத்தில் ‘ஐ வான்ட் போனஃபைடு’ என்று நிறுத்தாமல், பின்னால் ‘சர்டிஃபிகேட்’ என்று சேர்த்து, எதற்கு என்றும் எழுதுங்கள்: பஸ் பாஸ், கல்விக் கடன், பாஸ்போர்ட். கல்விக் கடனுக்கானால் படிப்பின் மொத்தக் காலமும் ஆண்டுவாரிக் கட்டணமும் வங்கிக்கு வேண்டியிருக்கும். அதையும் சேர்த்துத் தரும்படி அதே விண்ணப்பத்தில் கேட்டுவிட்டால் அலுவலகத்துக்கு இரண்டாவது தடவை நடக்க வேண்டாம்.